கருவிக்கு ஆயுள் எத்தனை மணி?

எங்கள் ஊர்த் தச்சர் ஒருவரிடம் ஓர் உளியைப் பார்த்திருக்கிறேன். வாங்கியபோது ஒரு சாணுக்கு மேல் இருந்ததாம். தீட்டித் தீட்டி, நான் பார்த்த காலத்தில் நாலு விரற்கடையாகத் தேய்ந்து போயிருந்தது. இது இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டால் அவர் வாய் திறந்து பதில் சொல்லமாட்டார். உளியைத் தூக்கிக் காட்டுவார். எஃகு எவ்வளவு மிச்சமோ அவ்வளவு ஆயுள். கண்ணுக்குத் தெரிகிற கணக்கு.

மின்சாரத்தால் ஓடும் கருவிக்கு இந்தக் கணக்கு இல்லை. பச்சையோ நீலமோ மஞ்சளோ பூசிய அதன் கூட்டுக்குள்ளே எது எவ்வளவு தேய்ந்தது என்பது வாங்கியவனுக்குத் தெரியாது. நேற்று மாலை வரையில் ஓடியது, இன்று காலையில் ஓடவில்லை என்பது ஒன்றுதான் தெரியும். அப்படியானால், விலை உயர்ந்த தொழிற்கருவி ஒன்றை வாங்குகிறவன் அது எவ்வளவு காலம் உழைக்கும் என்று எதிர்பார்க்கலாம்? கவிதைக்கும் சிறுகதைக்கும் நடுவில் இப்படி ஒரு கேள்வியைக் கொண்டுவந்து வைக்கிறானே என்று நம் சங்கத்து அன்பர்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டுப் படித்தாலும் எனக்குச் சம்மதமே.

2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், டில்லியில் எங்கள் விடுதியின் குளியலறைத் தரைகளை உடைத்துவிட்டுக் கோட்டாக் கல் பதித்தார்கள். ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட நான்கைந்து பேருக்கு அந்த ஒரு மாதமும் பகல் தூக்கம் இல்லை. உடைத்தவர் ராஜஸ்தானத்திலிருந்து வந்த ஒரு கல் மிஸ்திரி; ஐம்பது வயதிருக்கும். அவர் கையில் இருந்தது ‘பிரேக்கர்’ என்று தொழிலாளர்கள் சொல்லும் பொறி. உள்ளே ஒரு மோட்டார் சுழல, அதனால் ஓர் உலக்கை முன்னும் பின்னும் ஓடி, அடியில் செருகிய உளியின் தலையில் இடைவிடாது அடிக்கும். இருபத்திரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினாராம். அவர் கொடுக்கவில்லை, ஒப்பந்தக்காரர் கொடுத்து, மாதம் இரண்டாயிரமாகப் பதினொரு மாதம் கூலியில் பிடித்துக்கொண்டார். கடன் தீர்ந்தது பதினோராம் மாதம். உத்தரவாதம் தீர்ந்தது பன்னிரண்டாம் மாதம். பொறி நின்றது பதினான்காம் மாதம், எங்கள் விடுதியின் இரண்டாம் மாடியில்.

தூக்கம் கெட்ட கோபத்தில் இருந்த நான் சத்தம் நின்றதும் மகிழ்ந்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. வெளியே வந்து பார்த்தபோது மிஸ்திரிஜி அந்தப் பொறியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். “என்ன ஆயிற்று, மிஸ்திரிஜி?” என்றேன். “முடிந்து போயிற்று, பேட்டா” என்றார். அவ்வளவுதான். என் அரைகுறை ஹிந்தியில் ஆறுதல் சொல்ல வராததால், மறுநாள் பழுதுபார்க்கும் நிலையத்துக்கு அவரோடு நானும் போனேன்.

அங்கே கொடுத்த மதிப்பீடு இன்னும் நினைவிருக்கிறது. ஆர்மேச்சர் கருகிவிட்டது, பீல்டு காயில் கருகிவிட்டது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை போய்விட்டது. எல்லாம் சேர்த்துப் பதின்மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். அந்த மாதிரிப் பொறியை இப்பொழுது செய்வதில்லையாதலால் பலகை வெளியிலிருந்து வரவேண்டும்; மூன்று வாரமாகும். மூன்று வாரத்தில் வேலை நாள் பதினெட்டு. வாடகைப் பொறிக்கு நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய்; ஆக ஒன்பதாயிரம். இரண்டையும் கூட்டினால் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. புதுப் பொறி வாங்குவதைவிடப் பழையதைச் சீர்படுத்துவது ஐந்நூறு ரூபாய் அதிகம்! மேசைக்கு அப்பாலிருந்த இளைஞர் மரியாதையானவர்தாம். “புதிதாக வாங்கிவிடுங்கள்” என்று அவரே சொன்னார்.

மிஸ்திரிஜி வாங்கவில்லை. ஜி.பி. ரோடு என்று பழைய பெயரால் இன்னும் அழைக்கப்படும் சிரத்தானந்த மார்க்கத்தின் இரும்புச் சாமான் கடைகளுக்குப் பின்னாலுள்ள சந்தில், காயில் கட்டும் உஸ்தாத் ஒருவரிடம் கொண்டுபோனார். இரண்டு நாளில், ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு, ஆர்மேச்சருக்கும் பீல்டுக்கும் புதுச் செம்புக் கம்பி சுற்றியாயிற்று. மின்னணுப் பலகைக்கு என்ன செய்வது? “அது எதற்கு? நேராகக் கொடுத்துவிட்டேன்” என்றார் உஸ்தாத். பொறி முன்னிலும் ஆவேசமாக ஓடியது. நானும் அவருடைய கைத்திறமையைக் கண்டு வியந்துதான் திரும்பினேன்.

பத்து நாள் கழித்து, நனைந்த தரையில் வேலை செய்துகொண்டிருந்த மிஸ்திரிஜி திடீரென்று பொறியைக் கீழே போட்டுவிட்டுக் கையை உதறினார். கரண்ட் பிடித்திருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை, சுரீரென்றது, அவ்வளவே என்றார். மறுநாள் முதல் ரப்பர்ச் செருப்புப் போட்டுக்கொண்டு அதே பொறியோடு அதே தரையில் நின்றார்.

ஏன் பிடித்தது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இத்தகைய கருவிகளின் உடம்பில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு சின்னம் இருக்கும். இரட்டைக் காப்பு உடையது, ஆதலால் தரை இணைப்புக் கம்பி தேவையில்லை என்பது அதன் பொருள். ஆர்மேச்சரின் இரும்புக்கும் அதன் நடு அச்சுக்கும் இடையில் மின்சாரம் கடத்தாத ஓர் உறை இருக்கும். அதுவே இரண்டாவது காப்பு. ஒருமுறை நன்றாகக் கருகிய ஆர்மேச்சரில் அந்த உறையும் வெந்து போயிருக்கக்கூடும். கம்பியை மட்டும் புதிதாகச் சுற்றினால் பொறி ஓடும். காப்பு திரும்பி வராது. ஈரமான கல் தூளும் கார்பன் தூளும் அந்த இடைவெளியில் படிந்தால், தரை இணைப்பும் இல்லாத கருவியில் மின்சாரத்துக்குப் போக்கிடம் பிடித்திருப்பவன் உடம்புதான். உஸ்தாதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கம்பெனி ஆர்மேச்சர் நியாயமான விலைக்கு அன்றைக்கே கிடைத்திருந்தால், மிஸ்திரிஜி அந்தச் சந்துக்கே போயிருக்கமாட்டார். கருவியின் ஆயுள் என்று நாம் பேசுவது சில சமயம் ஆளின் ஆயுளும் ஆகிவிடுகிறது.

நிற்க. ஆயுளை ஆண்டுக் கணக்கில் பேசுவதே முதல் தவறு என்பது என் அபிப்பிராயம். நம் வீடுகளில் துளைபோடும் மெஷின் ஒன்று இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை, படம் மாட்டவும் திரைச்சீலைக் கம்பி பொருத்தவும், மொத்தம் பத்து நிமிஷம் அது ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆண்டில் அது ஓடியது மூன்று மணி இருபது நிமிஷம். “இருபது வருஷமாக வைத்திருக்கிறேன், ஒரு கோளாறு கிடையாது” என்று வீட்டுக்காரர் பெருமையடிப்பார். மிஸ்திரி நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் விசையை அழுத்துகிறார் என்றால், இரண்டாம் நாள் மாலைக்குள் அவருடைய கருவி அந்த இருபது வயதுக் கருவியைவிட மூத்ததாகிவிடுகிறது. மாதம் இருபத்தைந்து நாள் என்றால் ஓராண்டில் 600 மணி. கல் அறுக்கவும் இரும்பு தேய்க்கவும் பயன்படும் கைக் கிரைண்டர் (நம் வீட்டில் மாவரைப்பதன்று) நிமிஷத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுச் சுற்றுகிறது. 600 மணிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 40 கோடிச் சுற்று! இந்த இரண்டு கருவிகளுக்கும் ‘ஓராண்டு உத்தரவாதம்’ என்று ஒரே வாசகத்தை அச்சிடுவது, உட்கார்ந்திருப்பவனுக்கும் ஓடுகிறவனுக்கும் ஒரே செருப்பை, ஒரே தவணையில் கொடுப்பதாகும்.

மாவரைக்கும் கிரைண்டர் என்றேன், அதையே எடுத்துக்கொள்வோம். அம்மா வாங்கிய கிரைண்டர் பெல்ட் மாற்றி, கல் கொத்தி, இருபது ஆண்டு ஓடுகிறதே, இருபதாயிரம் கொடுத்து வாங்கிய தொழிற்கருவி ஏன் ஓடக்கூடாது என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானது, ஆனால் விடையும் நியாயமானது. அந்த மோட்டார் நம் மின்சாரத்தின் 50 சுழற்சிக்குக் கட்டுப்பட்டது. நிமிஷத்துக்கு 1,500-க்குச் சற்றுக் குறைவாகவே சுற்றும். உள்ளே உரசும் பாகம் பேரிங்கைத் தவிர வேறில்லை. ஆனால் கனம்! அதைக் கையில் ஏந்தி ஒருவன் சுவரைக் குடைய முடியுமா? கையில் ஏந்தும் கருவி இலேசாக இருக்கவேண்டும். இலேசான மோட்டாரிலிருந்து வலு வேண்டுமானால் அது பல்லாயிரம் சுற்றுச் சுற்றவேண்டும். அந்த வேகத்துக்கு, சுழலும் ஆர்மேச்சருக்கே மின்சாரம் ஊட்டவேண்டும். ஊட்டுவதற்குக் கார்பன் துண்டு இரண்டு அதன் கழுத்துச் செம்பில் உரசிக்கொண்டே இருக்கவேண்டும். கார்பன் தேய்வதற்கென்றே பிறந்தது. ஆகவே கைக்கருவி தேய்கிறதே என்று கோபிப்பதில் பொருளில்லை. இலேசுக்கு நாம் கொடுக்கும் விலை அது.

தேய்வது குற்றமில்லை. தேய்ந்ததை மாற்ற வழியில்லாமல் செய்வதுதான் குற்றம்.

இந்த இடத்தில் நம் பக்கத்துக் குறையையும் சொல்லவேண்டும். மிஸ்திரிஜியின் பொறியில் ஒரு சிறு விளக்கு உண்டு. கார்பன் தேய்ந்துவிட்டது, கொண்டுவந்து பார் என்று அது எரியும். மூன்று வாரமாக அது எரிந்துகொண்டிருந்தது என்று அவரே சொன்னார். மின்சாரம் வருகிறது என்பதற்கான அடையாளமாக்கும் என்று எண்ணிக்கொண்டாராம். அது எரியத் தொடங்கிய நாளிலேயே மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும். கார்பன் கட்டையாகித் தேய்ந்தால் பொறி பறக்கும். பொறி பறந்தால் கழுத்துச் செம்பு பள்ளம் விழும். பிறகு ஆர்மேச்சர் மிஞ்சாது. இது போதாதென்று, கீழ்த்தளத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு மெல்லிய ஒயரை நீட்டியிருந்தார்கள். அதன் மறு முனையில் மின்னழுத்தம் குறைகிறது, மோட்டார் மெதுவாகிறது, அதன் அச்சிலேயே பூட்டிய விசிறியும் மெதுவாகிறது, காற்றுக் குறைகிறது. ‘இழுக்கவில்லையே’ என்று ஆள் இன்னும் பலமாக அழுத்துகிறான். கருகுவதற்கு வேறு என்ன வேண்டும்? இங்கே செப்டம்பர் 17-இல் விசுவகர்ம பூஜை; நம் பக்கம் ஆயுத பூஜை. ஆண்டுக்கொரு நாள் கருவிக்குப் பொட்டும் பூவும் வைக்கிறோம். வாரத்துக்கொரு நாள் அதன் மூக்கிலிருந்து தூசியை ஊதிவிடுவதில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். விளக்கு எதற்கு எரிகிறது என்பது புத்தகத்தில் எழுதியிருந்தது. பல மொழிகளில், பொடி எழுத்தில். பெட்டியின் மேல் படத்தோடு ஒரு வரி போட்டிருந்தால்? வீட்டுக்கு வாங்கும் எல்.இ.டி. பல்பின் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். பதினையாயிரம் மணி, இருபத்தையாயிரம் மணி என்று போட்டிருக்கும். நூறு ரூபாய்ப் பல்புக்கு மணிக்கணக்கு உண்டு. இருபத்திரண்டாயிரம் ரூபாய்ப் பொறிக்கு இல்லை! செய்தவர்களுக்குத் தெரியாதென்று நம்புவதற்கில்லை. சோதனைச் சாலையில் நாள் கணக்காக ஓட்டிப் பார்க்காமலா விற்பனைக்கு விடுகிறார்கள்?

பல்பு என்றதும் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1924-ஆம் ஆண்டில் உலகின் பெரிய பல்பு உற்பத்தியாளர்கள் ஜெனீவாவில் கூடி ‘ஃபீபஸ்’ என்ற பெயரால் ஒரு கூட்டு அமைத்தார்கள். பல்பு 1,000 மணிக்கு மேல் எரியலாகாது. எரியும்படி செய்பவருக்குத் தண்டம். நீண்ட நாள் எரியும் பல்பு அதே மின்சாரத்துக்கு மங்கலாக எரியும் என்று அவர்கள் சொன்ன சமாதானம் முற்றிலும் பொய்யன்று. இழையின் இயல்பு அப்படித்தான். கருவிக்காரர்களும் அதே பாணியில் சமாதானம் சொல்கிறார்கள்: இரண்டு மடங்கு உழைக்க வேண்டுமானால் கனமாகும், விலை ஏறும் என்று. இதுவும் முற்றிலும் பொய்யன்று. இதற்குமேல் ஒரு வாதமும் உண்டு. இருபத்திரண்டாயிரம் ரூபாய்ப் பொறியைக் கொண்டு ஓராண்டில் அதைப்போலப் பத்து மடங்கு சம்பாதிக்கிறானே, அது பதினான்கு மாதம் உழைத்தால் போதாதா, பொறியும் ஒரு செலவினந்தானே, சிமெண்டைப்போல என்று. என் நண்பர் ஒருவர், பொருளாதாரம் படிப்பவர், இதை அடித்துப் பேசினார்.

ஆயிரம் பொறி வைத்திருக்கும் பெரிய ஒப்பந்தக் கம்பெனிக்கு அது சரி. அவர்களுக்குக் கணக்கர் உண்டு. தேய்மானத்துக்கு ஏட்டில் ஒரு பத்தி உண்டு. ஒரு பொறி நின்றால் மாற்றுப் பொறி உண்டு. மிஸ்திரிஜிக்கு ஒரே பொறி. அது நிற்கும் நாள் அவருக்குக் கூலியில்லாத நாள். சிமெண்டு எத்தனை மூட்டை ஆகும் என்று அவர் முன்கூட்டியே சொல்வார். பொறி எந்த நாளில் நிற்கும் என்று சொல்ல முடியாது. தெரியாத செலவைச் செலவினம் என்று எப்படி எழுதுவது? ‘இது 600 மணி உழைக்கும்’ என்று பெட்டியில் போட்டிருந்தால் அவர் மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்கியிருப்பார்; அல்லது வாங்காமலே இருந்திருப்பார். இரண்டாவதற்கு அஞ்சித்தான் அச்சிடாமல் இருக்கிறார்களோ என்னவோ!

சட்டம் இதில் என்ன சொல்கிறது? ‘தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர்’ என்று கடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாணிக நோக்கத்துக்காக வாங்குபவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கித் தாமே பயன்படுத்துபவரை அந்த விலக்கில் சேர்க்கக்கூடாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆக, மிஸ்திரிஜியும் நுகர்வோரே. அவருக்கு இது தெரியாது. எனக்கும் அந்த வாரந்தான் தெரிந்தது. மேலும், 2022-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24-இல் அதற்கென ஓர் இணையத்தளமும் தொடங்கிற்று. எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: உழவுக் கருவி, கைபேசி முதலிய மின்னணுப் பொருள், வீட்டுச் சாதனம், வாகனம். நல்ல தொடக்கம். ஆனால் தச்சன், கொத்தன், கல் மிஸ்திரி, குழாய்க்காரன் ஆகியோர் கைக்கருவி அந்த நான்கில் பெயர் சொல்லி வரவில்லை. உழவன் கருவிக்கு உள்ள இடம் கொத்தன் கருவிக்கும் வேண்டாமா?

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019-ஆம் ஆண்டு வந்த விதியொன்று வெல்டிங் பொறியைப் பற்றியது. 2021 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. ஒரு மாதிரியின் கடைசிப் பொறி உற்பத்தியானதிலிருந்து குறைந்தது பத்தாண்டுக்கு அதன் உதிரிப் பாகங்கள் பழுதுபார்ப்போருக்குக் கிடைக்கவேண்டும் என்கிறது அது. கட்டுப்பாட்டுப் பலகையும் அந்தப் பட்டியலில் உண்டு. வெல்டிங் பொறிக்குப் பத்தாண்டு முடியுமானால், பிரேக்கருக்கு ஏன் பதினான்கு மாதத்தில் ‘அந்த மாதிரி நின்றுவிட்டது’?

நான் கேட்பது அதிகமில்லை. விலை உயர்ந்த தொழிற்கருவி, முறையாக வைத்துக்கொண்டால், முதல் 600 மணிக்குக் கார்பனும் கிரீசும் தவிர வேறெதுவும் கேட்கலாகாது. பிறகு எது கெட்டாலும், பத்தாண்டு வரை அதன் பாகம் கிடைக்கவேண்டும். பாகத்தின் விலை வாங்கும்போதே தெரிந்திருக்கவேண்டும். பத்தாண்டில் ஆர்மேச்சர் மூன்று முறை மாறலாம், அதனால் என்ன? உளிக்குப் பிடி மாற்றுவதில்லையா? மலிவுக் கருவியிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை. மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கியது ஓராண்டில் போனால் போகட்டும் என்பேன். ஏழு மடங்கு விலை கொடுப்பவன் ஏழு மடங்கு வேகத்தையா வாங்குகிறான்? நம்பிக்கையை வாங்குகிறான்.

இப்பொழுது கம்பியில்லாக் கருவிகள் பெருகிவருகின்றன. கம்பியில்லாத் துளைப் பொறி 1961-லேயே வந்துவிட்டது. லிதியம் பேட்டரி 2005 வாக்கில் வந்தபின்தான் கூலி வேலைக்கு ஈடுகொடுக்கும் வலு கிடைத்தது. இவற்றில் பலவற்றுக்குக் கார்பனே கிடையாது. தேயும் பாகம் ஒழிந்தது என்று முதலில் எனக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் தேய்மானம் ஒழியவில்லை. பேட்டரிக்கு இடம் மாறியிருக்கிறது. கார்பனாவது உழைத்தால்தான் தேயும். லிதியம் பேட்டரியோ சும்மா இருந்தாலும் மூப்படையும். நிறையச் சார்ஜ் ஏற்றி, டில்லி மே மாத வெயிலில், தகரக் கொட்டகையில் வைத்துவிட்டால் இன்னும் விரைவாக மூப்படையும். அதன் விலையோ கருவியின் விலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு கம்பெனிப் பேட்டரி இன்னொரு கம்பெனிக் கருவியில் நுழையாது. (18 வோல்ட், 20 வோல்ட் என்று கடையில் இரண்டு விதம் காட்டுவார்கள். உள்ளே இருப்பது இரண்டிலும் ஐந்து செல்தான். ஒருவர் சராசரியைச் சொல்கிறார், மற்றவர் உச்சத்தைச் சொல்கிறார். இதற்காக இரண்டு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம்.) பேட்டரியின் வடிவத்தைக் கம்பெனி மாற்றிவிட்டால், நல்ல மோட்டாரும் நல்ல பேரிங்கும் உள்ள கருவி குப்பைக்குப் போகும். ஆகவே கம்பியில்லாக் கருவிக்கு ஆயுள் எவ்வளவு என்றால், அதன் பேட்டரியை எத்தனை ஆண்டு விற்பதாக உற்பத்தியாளர் எழுத்தில் தருகிறாரோ அத்தனை ஆண்டு. எழுத்தில் தராவிட்டால், என் கணக்கில் உத்தரவாதம் முடிகிற நாள்வரை.

உஸ்தாத் கட்டிய காயில் அக்டோபர் வரை ஓடியது. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு மிஸ்திரிஜி கைபேசியில் அழைத்தார். “பேட்டா, புதுப் பொறி வாங்கப் போகிறேன். நீ படித்தவன், கூட வா” என்றார். பிரேக்கரைப் பற்றி ஒரு பாடமும் எனக்குக் கல்லூரியில் நடத்தியதில்லை, எனினும் போனேன். முதல் கடையில் விலை கேட்கவில்லை. இதற்கு ஆர்மேச்சர் உங்களிடம் இருக்கிறதா, என்ன விலை என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பொறி வாங்க வந்தீர்களா, சமாதி கட்ட வந்தீர்களா?” என்றார். இரண்டாம் கடையில் தேநீர் கொடுத்தார்கள், ஆர்மேச்சர் இல்லை. மூன்றாவது கடை மிகச் சிறியது. அங்கிருந்த முதியவர் பொறியின் பாகங்களை அக்கக்காகப் பிரித்து எண் போட்ட வரைபடம் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்தார். எண் சொன்னால் விலை சொன்னார். ஆர்மேச்சரை அலமாரியிலிருந்து எடுத்து மிஸ்திரிஜியின் கையிலேயே கொடுத்தார். அந்தப் பொறியின் கார்பன் மூடி வெளிப்பக்கத்தில், திருப்புளியால் திறக்கும்படி இருந்தது. முந்தைய பொறியைவிட ஒரு கிலோ கனம், வேகம் மாற்றும் வசதி கிடையாது, நிறமும் அழகில்லை.

மிஸ்திரிஜி அதைத் தூக்கிப் பார்த்தார், இறக்கி வைத்தார், மறுபடி தூக்கிப் பார்த்தார். பிறகு அதையே வாங்கினார். கூடவே மூன்று ஜோடிக் கார்பனும் வாங்கிக் குப்பாயப் பையில் போட்டுக்கொண்டார்.